சிலுவை பொறித்த காசு யாருடையது?
நமது கடற்கரையில் கிடைக்கும் பிற்கால ரோம, பைசாந்தியக் காசுகளை அடையாளம் காண்பது குறித்து

ஆண்டவரைப் பேச்சிலே அகப்படுத்த வந்தவர்களிடம் அவர் ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று வினவிய நிகழ்ச்சியை (மாற்கு 12:13–17) நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். வரி கொடுத்தல், அரசுக்குக் கீழ்ப்படிதல், கடவுளின் சாயல் ஆகிய தலைப்புகளில் அதனை விரித்துரைத்திருக்கிறோம். ஆயினும் அவ்வினா நாணயவியலின் முதல் வினாவாகவும் இருக்கிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. உருவம் யாருடையது? எழுத்து யாருடையது? இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னரே அக்காசு எதற்குச் சான்று பகர்கிறது என்னும் மூன்றாவது வினாவைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்திலுள்ள கோட்டைப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணைக்கு அப்பால் ஈழக்கரையை நோக்கி நிற்கும் மீன்பிடித் துறை அது. இசுலாமிய அன்பர்கள் மிகுதியாக வாழும் ஊர். இத்தகைய கரையில் ஊழியம் செய்யும் போதகரிடம் சபையார் ஒருவர், மணலில் கண்டெடுத்ததாக ஒரு சிறு செப்புக்காசைக் கொண்டுவந்து காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். களிம்பேறிய அக்காசில் ஒரு சிலுவை தெரிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்று சொல்லத் தோன்றும். சொல்லலாமா? இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது இதுவே.

1. நமது கரைக்கு வந்த காசுகள்

மேலைநாட்டுக் காசுகள் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. 1898-ஆம் ஆண்டில் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று வெளிப்பட்டது. அகஸ்து ராயன் முதல் வெஸ்பாசியன் (கி.பி. 69–79) வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. அக்காசுகள் செலாவணியாக இனிச் செல்லாதவாறு இங்கேயே வெட்டப்பட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து. இவை முதல் நூற்றாண்டுக் காசுகளாதலின் இவற்றில் சிலுவைக்கு இடமே இல்லை. அப்போஸ்தலரின் காலத்தவை என்பதால் மட்டும் இவை அப்போஸ்தலரின் வருகைக்குச் சான்றாகிவிடமாட்டா.

சிலுவை பொறித்த காசுகள் இவற்றுக்குப் பின் வந்தவை. கான்ஸ்டன்டைன் பேரரசருக்குப் பின்னரே கிறிஸ்தவக் குறிகள் ரோம நாணயத்தில் படிப்படியாக இடம்பெற்றன. கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள் மதுரையிலும் கரூரிலும் ஆற்றுப்படுகைகளிலிருந்து ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைத் திரட்டி ஆராய்ந்த நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ஆம் ஆண்டில் அவை குறித்துத் தனி நூலே வெளியிட்டார். வைகை கடலொடு கலக்குமிடத்தை அடுத்த அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986 முதல் நடத்திய அகழாய்வுகளிலும் இக்காலத்துக் காசுகள் வெளிப்பட்டன. இலங்கையிலோ இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. கோட்டைப்பட்டினத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் வணிகர் இயங்கிய கடல் இது. ஆகவே அவ்வூர்க் கரையில் அத்தகைய காசு ஒன்று கிடைத்தால் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

2. ரோமக் காசா, பைசாந்தியக் காசா?

இவ்விரு பெயர்களும் நம்மவரைக் குழப்புகின்றன. கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து ஆண்ட பேரரசர்கள் 1453 வரை தங்களை ரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். 'பைசாந்தியம்' என்பது பிற்கால அறிஞர் வழங்கிய பெயர். நாணயவியலார் பொதுவாக அனஸ்தாசியஸ் பேரரசர் (491–518) 498-ஆம் ஆண்டில் செய்த செப்புக்காசுச் சீர்திருத்தத்தை எல்லையாகக் கொள்வர். அதற்கு முந்தியவை பிற்கால ரோமக் காசுகள். பிந்தியவை பைசாந்தியக் காசுகள். ஆயினும் பொற்காசில் இவ்வெல்லை அவ்வளவு தெளிவாகத் தோன்றாது. 'சாலிடஸ்' என்னும் பொற்காசு கான்ஸ்டன்டைன் காலத்தில் ஒரு ரோம இராத்தலுக்கு 72 வீதம் அடிக்கப்பட்டு, ஏறக்குறைய நாலரை கிராம் எடையில் பல நூற்றாண்டுகள் மாறாது நிலைத்தது.

3. அடையாளம் காணும் படிகள்

முதலாவது படி, உலோகமும் எடையும் அளவும். நம் கரையில் கிடைக்கும் பிற்கால ரோமச் செப்புக்காசு பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. எடையும் ஒன்றிரண்டு கிராமே. சட்டைப் பொத்தானைக் காட்டிலும் சிறியதாக இருக்கக்கூடும். அனஸ்தாசியசின் சீர்திருத்தத்துக்குப் பிந்திய பெரிய செப்புக்காசுகளில் மதிப்பு கிரேக்க எண்ணெழுத்தால் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 'எம்' என்னும் எழுத்து 40-ஐயும், 'கே' 20-ஐயும், 'ஐ' 10-ஐயும், 'இ' 5-ஐயும் குறிக்கும். நடுவில் பேரெழுத்து நிற்கும் செப்புக்காசைக் கண்டால் பைசாந்தியம் என எண்ணத் தொடங்கலாம். ஜஸ்டினியன் பேரரசர் (527–565) தமது பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 538-539 முதல், பெரிய செப்புக்காசுகளில் ஆட்சியாண்டையும் பொறிக்கச் செய்தார். அத்தகைய காசு தன் வயதைத் தானே சொல்லிவிடும்.

இரண்டாவது படி, முகப்பிலுள்ள உருவம். செப்புக்காசில் அரசனின் பக்கத்தோற்றமும் தலையில் முத்துப்பட்டமும் காணப்படும். 5-ஆம் நூற்றாண்டுக் கீழைப் பேரரசின் பொற்காசில் அரசன் தலைக்கவசம் தரித்து, தோளில் ஈட்டி சாய்த்து, நேர்முகமாக நம்மை நோக்குகிறான். 538 முதல் ஜஸ்டினியனின் பொற்காசில் ஈட்டி மறைந்து, கையில் சிலுவை சூடிய உலக உருண்டை இடம்பெறுகிறது. இந்த ஒரு வேறுபாடே பல காசுகளின் காலத்தை நிருணயிக்கப் போதுமானது.

மூன்றாவது படி, எழுத்து. முகப்பின் எழுத்து வழக்கமாக 'டி', 'என்' என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகளோடு தொடங்கும். 'நம் ஆண்டவர்' என்பதன் சுருக்கம் அது. இறையியல் பயின்ற நாம் இங்கு எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அந்த 'ஆண்டவர்' கிறிஸ்து அல்லர், பேரரசரே. அடுத்து வருவது அரசன் பெயர். அர்க்காடியஸ், ஹொனோரியஸ், தியோடோசியஸ் என்னும் பெயர்களின் முதலிரண்டு எழுத்துகள் எஞ்சியிருந்தாலும் பெரும் உதவியாகும். தியோடோசியஸ் என்னும் பெயரில் இருவர் ஆண்டனர்; முதலாமவர் 379–395, இரண்டாமவர் 408–450. பெயரை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டால் அரை நூற்றாண்டு பிழைபடக்கூடும்.

நான்காவது படி, பின்புறமும் அக்கசாலைக் குறியும். செப்புக்காசுகளில் நாம் அடிக்கடி காண்பது, சிறகுடைய வெற்றித்தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்லும் காட்சி. அதனருகில், கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளைப் பிணைத்த குறியோ சிறு சிலுவையோ நிற்கும். இரண்டாம் தியோடோசியஸ் காலத்துக் காசுகள் சிலவற்றில் மாலைக்குள் சிலுவை தனித்து நிற்கிறது. கரையில் கிடைக்கும் 'சிலுவைக் காசு' பெரும்பாலும் இவ்விரண்டு வகைகளுள் ஒன்றாகவே இருத்தல் கூடும். அடியிலுள்ள எழுத்துகள் அக்கசாலையைக் குறிப்பன. அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டான்டினோப்பிள் முதலிய நகரங்களின் பெயர்ச் சுருக்கங்கள் அவை. பொற்காசின் அடியில் காணும் 'கோனோப்' என்னும் தொடரில் முதற்பகுதி கான்ஸ்டான்டினோப்பிளையும், பிற்பகுதி பொன்னின் தூய்மையையும் சுட்டும்.

பொற்காசின் பின்புறத்தில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது. இரண்டாம் தியோடோசியஸ் காலம் முதல், பழைய ரோமரின் வெற்றித்தேவதையே நீண்ட சிலுவையைக் கையிலேந்தி நிற்கிறாள். முதலாம் ஜஸ்டின் (518–527) காலத்தில் அப்பெண்ணுருவம் நீங்கி, ஆணுருவான தேவதூதன் நேர்முகமாக நிற்கிறான். இரண்டாம் திபேரியு (578–582) காலத்தில் படிகளின்மேல் நாட்டிய சிலுவை மட்டும் எஞ்சுகிறது. ஒரு பேரரசு தன் பழைய தேவதையைக் கைவிட எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதை இம்மூன்று காசுகளும் நமக்குக் காட்டுகின்றன.

4. போன்மைக் காசுகளும் துளையிட்ட காசுகளும்

மேற்கூறிய படிகளில் எழுத்தைப் படிக்க முயலும்போது, அது எம்மொழியிலும் அடங்காத வெறுங்கோடுகளாக இருப்பதைச் சில காசுகளில் காண்போம். தேய்மானம் அதற்குக் காரணமன்று. ரோமக் காசைப் பார்த்து, அம்மொழி அறியாதோர் இங்கேயே வார்த்தோ அடித்தோ செய்த போன்மைகள் அவை. இலங்கையில் செப்பிலும், தென்னிந்தியாவில் பொன்னிலும் இத்தகைய போன்மைகள் கிடைத்துள்ளன. அவற்றை நாம் கள்ளக்காசு என்று இகழலாகாது. உள்ளூர்ச் சந்தையின் தேவையை நிறைவேற்றியவை அவை. ஆனால் அவற்றைப் பேரரசர் பெயரில் பதிவு செய்வது பிழையாகும். போன்மைக் காசிலுள்ள சிலுவையை வெட்டிய கைக்கு, அது ஒரு குறியாக மட்டுமே தெரிந்திருக்கலாம்.

இதனைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது துளை. கர்நாடகத்து அக்கி ஆலூர்ப் புதையல் உட்படத் தென்னிந்தியாவில் கிடைத்த 5, 6-ஆம் நூற்றாண்டுப் பொற்காசுகள் பலவற்றில் விளிம்பருகே இரண்டு துளைகள் இடப்பட்டுள்ளன. கழுத்தணியாகக் கோப்பதற்கு இட்ட துளைகள் அவை. துளைகள் பெரும்பாலும் அரசனின் தலைக்கு மேலேயே அமைந்துள்ளன. அதாவது அணிந்தவர், முடிசூடிய முகம் நேராக வெளியே தெரியும்படி அணிந்தார். சிலுவையேந்திய பின்புறம் மார்போடு ஒட்டி மறைந்திருந்தது. கிறிஸ்தவப் பக்தியால் அணிந்தவர் எந்தப் பக்கத்தை வெளியே காட்டியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். காசு பேசாத செய்தியைத் துளை பேசுகிறது.

5. பிற்காலப் பைசாந்தியமும் வெனீசியக் காசும்

642-ஆம் ஆண்டளவில் எகிப்து அரபியர் வசமாயிற்று. செங்கடல் வழி கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அடைபட்டது. ஆகவே அதற்குப் பிற்பட்ட பைசாந்தியக் காசு நம் கரையில் கிடைத்ததாக யாரேனும் கூறினால், அது எங்கிருந்து, எப்போது வந்தது என்று மும்முறை விசாரிக்க வேண்டும். கிண்ணம்போல் குழிந்த காசுகள் 11-ஆம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் பெருகின. 1261 முதல் 1453 வரை ஆண்ட பலயோலோகஸ் மரபினரின் காசுகளோ இன்னும் கடினமானவை. நகர மதில்களின் நடுவே கன்னிமரியாள் வேண்டி நிற்பது, பேரரசர் கிறிஸ்துவின் முன் முழந்தாளிடுவது போன்ற உயரிய காட்சிகள் அவற்றில் உண்டு. ஆயினும் அச்சு தகட்டின் நடுவில் விழாததால் பெயர் பாதி வெட்டுண்டு போகிறது, ஆண்டு பொறிக்கப்படுவதில்லை, பழைய காசின்மேலேயே புதிய அச்சு விழுந்திருப்பதும் உண்டு. இத்துறையில் பெரும்பணி ஆற்றிய ஃபிலிப் கிரியர்சன் போன்றோர், ஒரே புதையலில் சேர்ந்து கிடைத்தவற்றை ஒப்பிட்டும், எந்த அச்சு எதன்மேல் விழுந்தது என்று ஆராய்ந்தும், சிறு குறிகளைத் தொகுத்துமே அவற்றை உரிய அரசரிடம் சேர்த்தனர். ஒரு காசைத் தனியாக வைத்து முடிவு கட்டலாகாது என்பதே அவர்களின் பணி நமக்குக் கற்பிக்கும் பாடம். தனிவசனத்தை எடுத்து உபதேசம் அமைக்கலாகாது என்று நாம் மாணவர்க்குச் சொல்வதும் இதுவன்றோ?

நம் நாட்டில் பைசாந்தியக் காசு என்று தவறாகக் கருதப்படக்கூடியது பெரும்பாலும் வெனீசு நகரத்துப் பொற்காசாகும். 1284-இல் தொடங்கி 1797-இல் வெனீசுக் குடியரசு மறையும்வரை, ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையில், உருவமைப்பில் பெரிய மாற்றமின்றி அது அடிக்கப்பட்டது. ஒருபுறம் புனித மாற்குவின் முன் நகரத்தலைவர் முழந்தாளிட்டுக் கொடிக்கம்பைப் பற்றியிருக்கிறார்; மறுபுறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த நீள்வட்டத்துள் கிறிஸ்து நிற்கிறார். மேற்குக் கடற்கரை வழியே இக்காசு தென்னாட்டில் பெருவாரியாகப் புழங்கியது, காசுமாலைகளிலும் கோக்கப்பட்டது. கம்பைப் பற்றிய உருவத்தைப் பனையேறுபவர் என்று கொண்டு நம் மக்கள் அதற்கு ஒரு பெயரும் வழங்கினர். பரிசுத்தவானின் கையிலிருந்து கொடி பெறும் காட்சி, பார்ப்பவரின் கண்ணில் பனையேற்றமாயிற்று! உருவம் ஒன்றே, அதற்குப் பொருள் கொடுப்பது பார்ப்பவரின் உலகம்.

6. சிலுவையென மயங்கத்தக்கவை

இன்னும் சில காசுகள் நம்மை மயக்கக்கூடும். சாதவாகனர் காசுகளில் காணும் 'உஜ்ஜயினிக் குறி', நான்கு முனையிலும் வட்டமுடைய கூட்டற்குறியாகும். பழகாத கண்ணுக்கு அது சிலுவையாகவே தோன்றும். போர்த்துகீசியர் தம் இந்தியக் காசுகளில் சிலுவையைத் தாராளமாகப் பொறித்தனர். 16-ஆம் நூற்றாண்டில் கோவாவில் புனித தோமாவின் உருவம் தாங்கிய பொற்காசையும் வெளியிட்டனர். அதனைக் கண்டெடுத்து அப்போஸ்தலர் காலத்துச் சான்று என மகிழ்வோமாயின், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிழைபட்டவர்களாவோம். தரங்கம்பாடி டேனிஷ் காசுகளில் மன்னனின் பெயரெழுத்துப் பிணைப்பின்மேல் உள்ள முடியின் உச்சியிலும் சிறு சிலுவை நிற்கக்கூடும்.

7. சாட்சியின் எல்லை

அவ்வாறாயின் சிலுவை பொறித்த ரோமக் காசு எதற்குத்தான் சான்று? அதனை வெளியிட்ட பேரரசு கிறிஸ்தவ சமயத்தை ஏற்றிருந்தது என்பதற்குச் சான்று. அப்பேரரசின் நாணயம் நம் கரைவரை வந்தது என்பதற்கும் சான்று. கடைசியாக அதனைத் தவறவிட்டவரின் விசுவாசத்துக்கு அது சான்றன்று.

இதனை 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய கோஸ்மாஸ் இந்திகோப்ளூஸ்தஸ் என்பவரின் நூலே நமக்கு விளக்கிவிடுகிறது. அலெக்சாந்திரியாவில் வணிகராயிருந்த இக்கிறிஸ்தவர், 'தப்ரொபானே' எனப்பட்ட இலங்கையைப் பற்றி விரிவாக எழுதினார். நம் கரையில் சங்கு ஏற்றுமதி செய்த 'மரல்லோ' என்னும் துறையையும், காவிரிப்பூம்பட்டினமெனக் கருதப்படும் 'கபேர்' என்னும் துறையையும் குறிப்பிடுகிறார். சோப்பாத்தர் என்னும் ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னன் முன் நின்றபோது, யாருடைய அரசன் பெரியவன் என்னும் வினா எழுந்ததாம். பாரசீகர் தம் அரசனைப் புகழ்ந்து பேசினார். சோப்பாத்தரோ இரு நாட்டுக் காசுகளையும் மன்னன்முன் வைத்து ஒப்பிடும்படி கூறினார். ரோமரின் பொற்காசு ஒளிவீசியது. பாரசீகரின் காசோ வெள்ளி. மன்னன் ரோமரைப் புகழ்ந்து சோப்பாத்தரை யானைமீதேற்றி ஊர்வலம் செய்வித்தான் என்கிறார் கோஸ்மாஸ். முதல் நூற்றாண்டில் பிளினியும் இலங்கை மன்னன் ரோமக் காசின் சம எடையை வியந்ததாகக் கூறியிருப்பதால், இது வழிவழி வந்த கதை வடிவமாகவும் இருக்கலாம்.

கதை எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. மன்னன் வியந்தது பொன்னையும் வேலைப்பாட்டையுமே, சிலுவையை அன்று. அதே நூலில் கோஸ்மாஸ், அத்தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சபை உண்டென்றும், அதற்குப் பாரசீகத்தில் நியமனம் பெற்ற மூப்பரும் உதவிக்காரரும் உண்டென்றும், ஆனால் நாட்டு மக்களும் அரசர்களும் வேறு சமயத்தினர் என்றும் தெளிவாகப் பிரித்துக் கூறுகிறார். தம் சமயத்துக்குச் சாதகமாக மிகைப்படுத்த அவருக்கு வாய்ப்பிருந்தும் அவர் அவ்வாறு செய்யவில்லை.

இங்கு இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சிலுவைக்காசுகள் ரோமப் பேரரசிலிருந்து வந்தன. இலங்கைச் சபையோ ரோமருக்குப் பகையான பாரசீக நாட்டோடு இணைந்திருந்தது. 1912-இல் அனுராதபுர அகழாய்வில் வெளிப்பட்ட, கருங்கல்லில் செதுக்கிய சிலுவை அந்தப் பாரசீகச் சபையின் மரபைச் சார்ந்ததாகக் கருதப்படுகிறது. 1547-இல் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்தும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்தே. ஆகவே நமது பழைய சபைகளின் வரலாற்றைத் தேடுவோர் காசைக் காட்டிலும் கல்லையே முதலில் நோக்க வேண்டும். கல் வழிபட்டோரின் தேவைக்காகச் செதுக்கப்பட்டது. காசோ வாங்குவோர் விற்போர் எவர் கைக்கும் செல்வதற்காகவே அடிக்கப்பட்டது.

8. போதகர் செய்யத்தக்கன

காசு நம் கைக்கு வந்தால் முதலாவது, அதனைப் புளியிட்டுத் துலக்க விடலாகாது. களிம்போடு எழுத்தும் போய்விடும். இரண்டாவது, எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதை அன்றே எழுதி வைக்கவேண்டும். இடம் தெரியாத காசு பாதி ஊமையாகும். மூன்றாவது, எடையையும் அளவையும் குறித்து, இருபுறமும் படம் எடுக்கவேண்டும். நான்காவது, சட்டத்தை மதிக்கவேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கண்டெடுக்கப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசுகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கும் உட்பட்டவை. 1910-இல் நிறுவப்பட்ட புதுக்கோட்டை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காசுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் அறிந்தோரிடம் கேட்கவும் இயலும். ஐந்தாவது, இவையெல்லாம் முடியுமுன் பிரசங்க மேடையில் அதனைப் பற்றிப் பேசாதிருக்கவேண்டும்.

இக்கடைசிக் கருத்தை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைக் கட்டளை விலக்குகிறது. பல தலைமுறைகளாக இசுலாமியரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வாழும் ஒரு கடற்கரை ஊரில், களிம்பேறிய ஒரு காசைக் காட்டி இந்த நிலம் முன்னர் எங்களுடையது என்று சொல்லத் தொடங்கினால், அக்கட்டளையை மீறுகிறோம். நம் சொல் நாளை பொய்யென்று தெரியவரும்போது, நாம் அறிவிக்கும் நற்செய்தியும் அதே தராசில் வைத்து நிறுக்கப்படும். மாறாக, இக்காசு அந்தியோக்கியாவிலோ அலெக்சாந்திரியாவிலோ அடிக்கப்பட்டது. வணிகர் கைகளில் கடல் கடந்து வந்தது. இங்கு வாழ்ந்தோர் அதனை ஏற்றுப் புழங்கினர். நம் முன்னோர் உலகத்தோடு கலந்து வாழ்ந்தனர் என்று நாம் சொல்வோமானால், அது ஊரார் அனைவருக்கும் உரிய பெருமையாகும்.

உருவமும் எழுத்தும் யாருடையவை என்று ஆண்டவர் கேட்டபோது, வந்தவர்கள் இராயனுடையவை என்று உண்மையையே சொன்னார்கள். சிலுவை பொறித்த காசைக் கையிலேந்தும்போது நாமும் அவ்வாறே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அச்சிலுவையும் இராயன் அடித்த சிலுவையே. நம் கரையின் சபை வரலாற்றை அதன்மேல் கட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை.